மூன்றாம் பக்கத்தில் மாடிப்படி

புகார்ச் சீட்டில் இருந்த வாசகம் இதுதான்: "இயந்திரம் பெண்கள் அட்டையை மட்டும் எடுக்க மாட்டேன் என்கிறது."

எட்டு வருடமாக இந்த வேலையில் இருக்கிறேன். கையெழுத்துக்குப் பதிலாக விரல் வைக்கும் அந்த அட்டைக்கு ஆண், பெண் என்று எதுவும் கிடையாது. ஒரே தொழிற்சாலையில் ஒரே சிப்பை ஒட்டி, கடைசியில்தான் பெயரை அச்சடிக்கிறார்கள். எழுதியவருக்குக் கொஞ்சம் குறும்பு அதிகம் என்று நினைத்துக்கொண்டு ஆலங்கரைக்குப் பேருந்து ஏறினேன்.

ஆயுத பூஜை முடிந்து மூன்றாம் நாள். சார்பதிவாளர் அலுவலக வாசலில் கட்டிய வாழைக்கன்றுகள் காய்ந்து தொங்கிக்கொண்டிருந்தன. உள்ளே பிரிண்டர், மின்விசிறி சுவிட்ச், முத்திரைக் கட்டை என்று எதையும் விடாமல் சந்தனம் வைத்து, அதன் மேல் குங்குமம் வைத்திருந்தார்கள். மேசையில் இருந்த அட்டை ரீடருக்கும் வைத்திருந்தார்கள். அதுவும் அட்டை செருகும் துளையின் வாயிலேயே.

"இதுக்குமா சார் பொட்டு வச்சீங்க?"

சார்பதிவாளர் சற்குணம் மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "எல்லாத்துக்கும் வச்சுட்டு இதுக்கு மட்டும் வைக்காம விட்டா, அது மனசுல என்ன நெனைக்கும் மேடம்?"

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துளையைத் துடைத்தேன். பஞ்சு சிவப்பாக வந்தது. அவருக்குப் பெரிய நிம்மதி.

"பாத்தீங்களா, இதுதான் கோளாறு."

"அப்ப ஆம்பிளைங்க அட்டைய மட்டும் எப்படி எடுத்துச்சு?"

அவர் யோசித்தார். "குங்குமம் பொம்பளைங்க சமாச்சாரம்தானே."

அவரோடு வாதாட நேரமில்லை. சுவரோர பெஞ்சில் ஒரு பெண் காலையிலிருந்து காத்திருந்தாள். நாற்பது வயதிருக்கும். மடியில் ஜவுளிக்கடைப் பை. பையின் வாயில் மயில்கழுத்து நிறத்தில் பட்டுக்கரை எட்டிப் பார்த்தது. அதைப் பார்த்ததுமே அவள் எதற்கு வந்திருக்கிறாள் என்று தெரிந்துவிட்டது. அப்பா வீட்டில் தனக்குள்ள பங்கை விட்டுக்கொடுத்துத் தங்கை கையெழுத்துப் போடும் நாளில் அண்ணன் ஒரு பட்டுப்புடவை எடுத்துக் கொடுப்பது எங்கள் பக்கத்து வழக்கம். என் பீரோவிலும் ஒன்று இருக்கிறது. ஆறு வருடமாக மடிப்புக் கலையாமல்.

"இவங்கதான் இலக்கியா. விடுதலைப் பத்திரம். ரெண்டு தடவ அழுத்திட்டாங்க, 'அட்டைப் பிழை'ன்னே வருது" என்றார் சற்குணம். "கொஞ்சம் சீக்கிரம் பாருங்க. அவங்கண்ணன் வெளிய புகை விட்டுட்டு நிக்கிறாரு, ரீடர விட சூடா."

கணினியில் கட்டளைகள் அடிக்கும் கறுப்புத் திரையைத் திறந்தேன். இந்த வேலையில் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். கறுப்புத் திரை யாரையும் சமாதானப்படுத்தாது. கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லும். ரீடர் தெரிகிறதா? தெரிகிறது. அட்டையோடு பேசும் பின்னணிச் சேவை ஓடுகிறதா? ஓடுகிறது. இருந்தாலும் நிறுத்தி மறுபடி கிளப்பினேன். வேறு ஏதாவது நிரல் அட்டையைப் பிடித்து வைத்துக்கொண்டு விட மறுக்கிறதா? இல்லை. என் அட்டையைச் செருகி, ஒரு சோதனைத் தாளுக்குக் கட்டைவிரலை வைத்தேன். பச்சை விளக்கு.

"உங்க அட்டைய மட்டும் எடுக்குது!" என்றார் சற்குணம், ஏதோ நான் துரோகம் செய்துவிட்டதைப் போல.

"அட்டைய லேமினேட் பண்ணியிருக்கீங்களாம்மா?" என்று இலக்கியாவைக் கேட்டேன். பத்திரமாக இருக்கட்டும் என்று சிப்பின் மேலேயே பிளாஸ்டிக் ஒட்டிக்கொண்டு வருபவர்கள் வாரத்துக்கு நாலு பேர்.

"இல்லக்கா. ரேஷன் கார்டுக்கு மட்டுந்தான் பண்ணேன்."

வாங்கிப் பார்த்தேன். சுத்தமான அட்டை. சிப்பை அழிரப்பரால் ஒருமுறை தேய்த்துச் செருகினேன். விரலை வைக்கச் சொல்லவில்லை. மின்சாரம் பாய்ந்ததும் ஒவ்வோர் அட்டையும் முதலில் தன்னைத் தானே அறிமுகம் செய்துகொள்ளும். இதுவும் ஒழுங்காகச் செய்துகொண்டது. அட்டையில் பிழை இல்லை. ரீடரில் பிழை இல்லை. அப்படியானால் காலையில் இரண்டு பேருக்கும் இடையே என்ன பேச்சு நடந்தது? எல்லாம் கணினியின் பதிவேடான லாக்கில் இருக்கும்.

லாக்கைத் திறந்தேன். பத்திரத்தின் ஒவ்வொரு பக்கத்துக்கும் தனித்தனியாக விரல் வைக்க வேண்டும். முதல் பக்கத்துக்கு அட்டை சொன்ன பதில் 90 00. இரண்டாம் பக்கத்துக்கும் 90 00. மூன்றாம் பக்கத்துக்கு 69 85. இரண்டாவது முயற்சியிலும் அதே பக்கம், அதே எண்.

69 85. படிப்பு முடித்துச் சேர்ந்தபோது பயிற்சிப் புத்தகத்தில் பார்த்த எண். அதன் பிறகு ஒருமுறைகூடக் களத்தில் பார்த்ததில்லை.

"என்னக்கா, பெரிய ரிப்பேரா?" இலக்கியா எழுந்து வந்து பக்கத்தில் நின்றாள்.

"ரிப்பேர் இல்ல. அட்டை வேணாம்னு சொல்லுது."

"யாரு வேணாம்னு சொல்றது?"

"நீங்க விரல் வைக்கும்போது, அட்டை உங்க நாடி, வேர்வை, விரல் நடுங்குறது எல்லாத்தையும் பாக்கும். நீங்க மனசார எதையாச்சும் செய்யும்போது எப்படி இருப்பீங்கன்னு அதுக்குப் பழக்கம். பால் கார்டு வாங்குறது, புள்ளைக்கு ஸ்கூல்ல கையெழுத்துப் போடுறது, அதெல்லாம் பாத்துப் பாத்து. அதோட ஒத்துப் போனா 90 00. ஒத்துப் போகலன்னா 69 85. நிபந்தனை நெறவேறலன்னு அர்த்தம்."

"என்ன நிபந்தனை?"

பத்திரத்தின் முதல் வரியைத் தொட்டுக் காட்டினேன். 'சுயநினைவுடனும், பிறர் தூண்டுதல் இன்றியும், மனமொப்பியும்.' நூற்றாண்டுக்கும் மேலாக யாரும் படிக்காமல் எழுதி வந்த வரி. பங்கு கேட்டு சகோதரிகள் போட்ட வழக்குகளில் நீதிமன்றம் திணறியபோது, ஒன்பது வருடங்களுக்கு முன் அரசாங்கம் அந்த வரியை நிஜமென்று எடுத்துக்கொண்டு ஓர் அட்டை செய்துவிட்டது.

இலக்கியாவின் முகம் சுருங்கியது. அவமானப்பட்டவள்போல வாசலைப் பார்த்தாள். "நான் மனசாரத்தான் போடுறேன். எங்கண்ணன் எனக்கு எம்புட்டோ செஞ்சிருக்கு. எம் மனசு எனக்குத் தெரியாதா? இந்தப் பிளாஸ்டிக்குக்குத் தெரியுமாக்கும்?"

"மொத ரெண்டு பக்கத்துக்கும் சரின்னுதான் சொல்லியிருக்கு."

"அக்கா, மெதுவா." குரலைத் தாழ்த்தினாள். "அடுத்த மாசம் எம் மகளுக்குச் சடங்கு. தாய்மாமன் வராம அவளை மனையில உக்கார வைக்க முடியுமா? இன்னைக்கு இது முடியலன்னா, மனசில்லாமதான் வந்தியான்னு கேப்பாரு. அதுக்கு நான் என்ன பதில் சொல்ல? இன்னும் ஒரு தடவதான் இருக்காமே?"

ஆமாம். மூன்றாவது முறையும் மறுத்தால் அட்டை தானே பூட்டிக்கொள்ளும். விசாரணைக்கு வரச்சொல்லி அண்ணன் பெயருக்கு நோட்டீஸ் போகும். சட்டம் அப்படி. அவளைக் காப்பாற்றத்தான்.

"இந்த கம்ப்யூட்டர் எப்ப வந்துச்சு சார்?" என்று சற்குணத்தைக் கேட்டேன்.

"பழசு போன மாசம் படுத்துருச்சு. கோடவுன்ல பிரிக்காத பெட்டி ஒண்ணு கெடந்துச்சு, ஒம்பது வருசமா. எறக்கிட்டோம். அரசாங்கச் சொத்து வீணாகக் கூடாதுல்ல."

அட்டையின் பதிலைக் கணினிக்கு எடுத்துச் சொல்லும் டிரைவரின் பதிப்பைப் பார்த்தேன். முதல் பதிப்பு. மாநிலத்தில் மற்ற எல்லா அலுவலகங்களிலும் இப்போது ஓடுவது பதினான்காவது. என் மடிக்கணினியில் அதன் மாற்றக் குறிப்புகள் இருந்தன. புதுப்பிப்புப் போடுவோம், குறிப்பைப் படிக்க மாட்டோம். அடியிலிருந்து படித்தேன். இரண்டாம் பதிப்பு, அட்டை அறிமுகமான நாலாவது மாதம். ஒரே ஒரு மாற்றம்.

'69 85 வந்தால் 90 00 எனக் கொள்ளவும். மறுப்பு எண்ணிக்கையைப் பூஜ்யமாக்கவும். காரணம்: களத்திலிருந்து புகார்கள் அதிகம்.'

எழுதியவரின் பெயர் இல்லை. கெட்டவராகவும் இருந்திருக்க மாட்டார். மேசையில் முந்நூறு புகார்ச் சீட்டு குவிந்திருக்கும். ஒரு வரியை மாற்றினார், எல்லாம் ஒரே நாளில் சரியாகிவிட்டன. நானும் அப்படிப்பட்ட ஊழியர்தான்.

கிட்டத்தட்ட ஒன்பது வருடமாக இந்த மாநிலத்தில் எந்த அட்டையின் பதிலும் யார் காதிலும் விழவில்லை. ஆலங்கரையில் பிரிக்காத பெட்டிக்குள் கிடந்த ஒரே இயந்திரம்தான் கோளாறு இல்லாமல் இருந்தது. அதைச் சரிசெய்யத்தான் என்னை அனுப்பியிருக்கிறார்கள்.

ஆறு வருடங்களுக்கு முன் நான் விரல் வைத்தபோது பச்சை விளக்கு முதல் அழுத்தத்திலேயே எரிந்தது. என் மூன்று அண்ணன்களும் கைதட்டாத குறை. அதன் பிறகு மனம் கசந்த சில நாட்களில், அந்தப் பச்சை விளக்கை நினைத்துக்கொள்வேன். அழுத்தமோ கட்டாயமோ இருந்திருந்தால் அட்டை காட்டிக்கொடுத்திருக்கும். காட்டிக்கொடுக்கவில்லை. ஆகவே நான் மனமொப்பித்தான் செய்தேன். இப்போது இருப்பது வேறு ஏதோ கசப்பு. இப்படி என்னிடமே வாதிட்டு என்னையே ஜெயித்திருக்கிறேன், எத்தனையோ முறை. அட்டை ஐந்து வருடத்துக்கு மேல் எதையும் நினைவில் வைத்திருக்காது. அன்று அது உண்மையில் என்ன சொன்னது என்று இனி அதைக் கேட்க முடியாது. கேட்பதென்றால் என்னைத்தான் கேட்க வேண்டும். எனக்குக் கேட்கும் உத்தேசமில்லை.

"சரி பண்ணிறலாமாக்கா?" என்றாள் இலக்கியா.

"பண்ணலாம். புது டிரைவர் போட்டா எடுத்துக்கும். அஞ்சு நிமிசம்."

"எடுத்துக்குமா? எம் மனசு என்ன சொன்னாலுமா?"

"என்ன சொன்னாலும்."

"அப்பப் போடுங்க" என்றாள். உடனே சொன்னாள். பல் வலிக்காரர்கள் பிடுங்கச் சொல்வதைப் போல.

கட்டளையை அடித்துவிட்டேன். எண்டர் மட்டும்தான் பாக்கி. விரல் அந்த விசையின் மேல் இருந்தது. ஒரு பேச்சுக்குக் கேட்டேன்: "மூணாம் பக்கத்துல என்ன இருக்கு?"

"எனக்கென்ன தெரியும்? சொத்து விவரம்." பத்திரத்தைப் புரட்டினாள். உதடு அசையப் படித்துக்கொண்டே போனவள் ஓரிடத்தில் நின்றாள். 'மேற்படி வீட்டின் மாடி அறை, மாடிப்படி, அதற்குரிய நடைபாதை பாத்தியம் உள்பட.'

பத்திரத்தை மூடி மேசையில் வைத்தாள்.

"அந்த ரூம்புல ஒரு கொக்கி இருக்குக்கா. உள்பக்கமா. எங்கப்பா அடிச்சது." விரலால் பட்டுக்கரையை நீவிக்கொண்டே சொன்னாள். "எட்டு வருசத்துக்கு முன்ன எங்க வீட்டுக்காரரோட சண்டை போட்டு, நாலு மாசம் அங்கதான் இருந்தேன். இப்ப ஒண்ணுமில்ல, நல்லாத்தான் இருக்கோம். அவரு குடிக்கிறதக்கூட விட்டுட்டாரு. ஆனா அந்த நாலு மாசந்தான் நான் கதவைப் பூட்டிட்டுத் தூங்குனது. எங்க வீட்டுல எந்தக் கதவுக்கும் உள் தாப்பா கெடையாது. கல்யாணமான வீட்டுல எதுக்குன்னு மாமியா கழட்டிட்டாங்க."

"அந்த ரூம் வேணுமா உங்களுக்கு?"

"வேணான்னுதான நெனைச்சேன்" என்றாள், ஆச்சரியத்துடன். "இத இப்ப நீங்க கேட்டப்புறந்தான் நெனைக்கிறேன்."

"அண்ணன்கிட்ட சொல்லிப் பாக்கலாமே."

சிரித்தாள். "என்னன்னு சொல்ல? எனக்குக் கொக்கி வேணும்னா? நாளைக்கு உம் புருசன் அடிப்பான்னு இன்னைக்கே எடம் பாத்து வைக்கிறியான்னு கேப்பாரு. மதினி காதுக்குப் போனா ஊருக்கே போன மாதிரி."

அந்த நேரம் பார்த்து அண்ணன் ஜெயச்சந்திரன் உள்ளே வந்தார். வெள்ளை வேட்டி, கையில் இரண்டு போன். முகத்தில் கோபத்தைவிடக் களைப்புதான் தெரிந்தது. "என்னாச்சு மேடம்? எங்க வீட்டுப் புள்ள அட்டையில மட்டும் என்ன கோளாறு? மனசில்லன்னா நேராச் சொல்லச் சொல்லுங்க. எனக்கென்ன, நான் கேட்டனா இதை?"

"அண்ணே, நான் எப்பண்ணே அப்படிச் சொன்னேன்?" என்றாள் இலக்கியா.

என் வாய் நான் யோசிப்பதற்குள் பேசிவிட்டது. "அவங்க மேல தப்பில்ல சார். இது டிரைவர் கோளாறு. பழைய பதிப்பு. மூணாம் பக்கத்துல மாடிப்படின்னு ஒரு வரி வருது பாருங்க, அங்க போயி சிக்குது."

"மாடிப்படியா?"

"அந்த வரிய இதால ஏத்துக்க முடியல."

வாழ்க்கையில் இதைவிட அபத்தமாக ஒரு தொழில்நுட்ப விளக்கம் கொடுத்ததில்லை. ஜெயச்சந்திரன் சந்தேகமாகப் பார்த்தார். என்னைக் காப்பாற்றியது சற்குணம்தான், அதுவும் வெள்ளை மனதோடு.

"அட ஆமா மேடம்! இப்பத்தான் புரியுது. போன வாரம் ஒரு அம்மாவுக்குக் கெணத்துப் பங்கு வந்த எடத்துல நின்னுச்சு. இன்னொரு பொண்ணுக்குப் புளியமரம். ஆம்பிளைங்களுக்கு எங்கயும் நிக்கல. அவங்கதான் எழுதி வாங்குற கட்சியாச்சே."

"பழைய மிஷின்கள் அப்படித்தான்" என்றேன்.

ஜெயச்சந்திரன் பத்திரத்தை வாங்கிப் பார்த்தார். "அப்ப இந்த மாடி ரூமு, மாடிப்படிய எடுத்துட்டு எழுதுனா எடுத்துக்குமா?"

"எடுத்துக்கும்னு நெனைக்கிறேன். அதை மட்டும் தங்கச்சி பேர்லயே, அவங்க ஆயுசு வரைக்கும்னு விட்டுட்டா."

"எழுதுங்க சார்" என்றார் சற்குணத்திடம், ஒரு நொடிகூட யோசிக்காமல். "அந்த ரூம்புல பழைய ஏணியும் உடைஞ்ச கிரைண்டரும்தான் கெடக்கு. மிஷினுக்கு ஆகலன்னா நாம என்ன பண்றது?"

இலக்கியா என்னைப் பார்க்கவில்லை. பையின் பட்டுக்கரையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

புதுப் பக்கம் அச்சாகி வந்தது. 'மாடி அறையும் மாடிப்படியும் நீங்கலாக. அவை இலக்கியாவின் ஆயுள்வரை அவர் அனுபவ பாத்தியத்தில்.' அட்டையைச் செருகினாள். கடைசி முயற்சி.  கொக்கி மட்டும்தான் காரணமா? அவள் மனத்தில் வேறு அறைகள் இருந்தால்? நான் சொன்ன பொய், அட்டையைப் பூட்டி, நோட்டீஸ் அனுப்பி, சடங்கில் மனைப்பலகையைக் காலியாக விட்டுவிடலாம். பக்கத்தில் அடித்த கட்டளை இன்னும் திரையில் துடித்துக்கொண்டிருந்தது. எண்டரைத் தட்டினால் எந்தப் பயமும் இல்லை. தட்டவில்லை.

முதல் பக்கம். 90 00. இரண்டாம் பக்கம். 90 00. மூன்றாம் பக்கத்துக்கு அவள் விரலை வைத்துவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாள். அட்டை வழக்கத்தைவிட அதிக நேரம் எடுத்துக்கொண்டது. அல்லது எனக்கு அப்படித் தோன்றியது.

90 00.

"பாத்தீங்களா!" ஜெயச்சந்திரன் மேசையைத் தட்டினார். அவர் கண்ணும் கலங்கியிருந்தது. "எந் தங்கச்சி மனசு சுத்தம். மிஷின்லதான் கோளாறு."

"மிஷின்லதான்" என்றேன்.

இலக்கியா போகும்போது வாசலில் நின்று திரும்பினாள். நன்றி சொல்வாள் என்று நினைத்தேன். "அக்கா, நீங்க போட்டப்ப எந்த மிஷின்?" என்று கேட்டாள். நானும் போட்டிருக்கிறேன் என்று எப்படிக் கண்டுபிடித்தாள் என்று தெரியவில்லை. நான் பதில் தேடுவதற்குள் அண்ணன் ஹாரன் அடித்துவிட்டார்.

சற்குணம் என்னை விடவில்லை. நாளைக்கு முகூர்த்த நாள், இருபது பத்திரம் இருக்கிறது, ஒவ்வொன்றிலும் கிணற்றையும் மரத்தையும் தேடிக்கொண்டிருக்க முடியாது. அவர் சொல்வதிலும் நியாயம் இருந்தது. பழைய டிரைவரை என் பென்டிரைவில் நகலெடுத்துக்கொண்டேன். எதற்கு என்று கேட்டிருந்தால் சொல்லத் தெரியாது. பிறகு எண்டரைத் தட்டினேன். ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை.

வேலை முடிந்ததற்கு நான் கையொப்பமிட வேண்டும். 'பழுது நீக்கப்பட்டது.' என் அட்டையைச் செருகி விரலை வைத்தேன். லாக்கை நான் இன்னும் மூடவில்லை. அட்டை சொன்னது மேல்வரியிலும், டிரைவர் அதைக் கணினிக்குச் சொன்னது கீழ்வரியிலும் வந்தன.

மேலே 69 85. கீழே 90 00.

பச்சை விளக்கு எரிந்தது.

"ஒரே அழுத்துல எடுத்துருச்சே!" என்றார் சற்குணம். அவர் பார்த்தது விளக்கை மட்டும்தான்.

அன்று வீட்டுக்கு வந்து பீரோவைத் திறந்தேன். புடவையை எடுக்கவில்லை. அரக்கு நிறம், அது எனக்குப் பிடிக்காத நிறம் என்பது மட்டும் நினைவுக்கு வந்தது. அண்ணன்கள் மூன்று பேருக்கும் அது தெரியும் என்பதும்.

மூன்று வாரம் கழித்து ஆலங்கரையிலிருந்து மறுபடி ஒரு புகார்ச் சீட்டு. "இயந்திரம் எல்லா அட்டைகளையும் எடுத்துக்கொள்கிறது. பொதுமக்கள் ஆட்சேபிக்கிறார்கள்."

மேலாளர் சீட்டை என் மேசையில் போட்டார். "இது எப்படிம்மா புகாராகும்? எல்லாத்தையும் எடுத்தா நல்லதுதானே? பழுது இல்லைன்னு எழுதி மூடிடு."

சற்குணத்துக்குப் போன் செய்தேன். பின்னணியில் சந்தைபோல இரைச்சல்.

"மேடம், நாலு ஊர்ப் பொம்பளைங்க வந்து நிக்கிறாங்க. மாடிப்படிய பொண்ணுக்கு விட்டுவைக்குற மிஷின் எங்கன்னு கேக்குறாங்க. இப்ப ரிப்பேர் பண்ணிட்டோம்மான்னா, கெடுத்துட்டு ரிப்பேர்னு சொல்றியான்னு சண்டைக்கு வர்றாங்க."

"அண்ணன் தம்பிங்க ஒண்ணும் சொல்லலையா?"

"அதை ஏன் கேக்குறீங்க, பாதிப் பேரு அவங்கதான் கூட்டிட்டே வர்றாங்க. அக்கா தங்கச்சிக்கு ஏதாச்சும் விட்டுவைக்க ஆசைதான் போல. வீட்டுல போயி நான் குடுத்தேன்னு சொல்ல முடியாதுல்ல? மிஷின் எடுக்கல, நான் என்ன செய்யன்னு சொல்லிட்டுப் போயிரலாம். எம் பொண்டாட்டியே நேத்து கேட்டா, உங்க தங்கச்சி பத்திரத்தை எந்த மிஷின்ல போட்டீங்கன்னு." குரலைத் தாழ்த்தினார். "என்ன மேடம், இத சரி பண்ண முடியுமா?"

பென்டிரைவ் கைப்பையின் உள்ளறையில்தான் இருந்தது. "வந்து பாக்குறேன் சார்" என்றேன்.

மேலாளர் இன்னும் நின்றுகொண்டிருந்தார். "மூடிட்டியா?"

"இல்ல சார். பழுது இருக்கு."

சீட்டை ஏற்றுக்கொள்ள அட்டையைச் செருகி விரலை வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. அது எப்போதும் எரியும். நான் லாக்கைத் திறந்தேன்.

மேல்வரியில் 90 00. கீழ்வரியிலும் அதேதான்.